காசு அச்சடிக்கிற இடத்தில் பிறந்த சூனியக்காரி

ஜோன் விக் படம் பார்த்த ஆக்களுக்கு 'பாபா யாகா' எண்ட பேர் தெரிஞ்சிருக்கும். ரஷ்ய மாபியாக்காரர் கீனு ரீவ்ஸுக்குப் பயந்து வைச்ச பட்டப்பேர். முதல் தரம் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தெரிந்த பாபா யாகா கறுப்புக் கோட் போட்ட வடிவான ஆம்பிளை இல்லை. அவ ஒரு கிழவி. உரலுக்குள்ள ஏறி நிண்டு காட்டுக்குள்ளால பறக்கிறவ. ஒரு கையில உலக்கை, மற்றக் கையில விளக்குமாறு. கீழே நிலத்தில சிவப்புத் தொப்பி போட்ட காளான்கள்.

அந்தக் கிழவியை எனக்கு அறிமுகப்படுத்தினது ஒரு புத்தகம். பெரிய மாமா எண்பதுகளில் மொஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படிச்சவர். திரும்பி வரேக்க கொண்டுவந்த சாமான்களோட பெரிய அளவில, மெல்லிசா ஒரு புத்தகமும் வந்தது. முழுக்க ரஷ்ய எழுத்து. பிறகு மாமா கனடா போய்விட்டார். புத்தகம் அம்மம்மா வீட்டு அலுமாரியில தங்கிவிட்டது. அதை வாசிக்கத் தெரிந்த ஆள் வீட்டில ஒருத்தரும் இல்லை. அதனால நானும் மச்சாள்மாரும் படத்தைப் பார்த்துப் பார்த்து நாங்களே கதை கட்டினோம்.

அதில ஒரு படம் எங்களுக்கு எல்லாத்தையும் விட விருப்பம். இரவு நேரம். ஒரு இளம் பெண் தடியொன்றின் நுனியில மண்டையோட்டைக் குத்திக்கொண்டு நடந்து போறாள். மண்டையோட்டின்ர கண்ணுக்குள்ளால வெளிச்சம் வருது. பின்னால ஒரு மரக்குடில். அப்ப எங்களுக்கு மண்ணெண்ணெய் லாம்பு காலம். மூத்த மச்சாள் உடனே சொல்லிவிட்டாள்: "இவையின்ர வீட்டில லாம்பு எண்ணெய் முடிஞ்சு போச்சு. அதுதான் ஆற்றையோ வீட்டை போய் நெருப்பு வாங்கிக்கொண்டு வாறாள்."

பத்துப் பன்னிரண்டு வருசம் கழிச்சு, கம்பஸ் வந்த பிறகு, அந்தப் படத்தை இணையத்தில தேடிப் பிடிச்சேன். கதை கிட்டத்தட்ட மச்சாள் சொன்னதுதான்! பெண்ணின் பெயர் வசிலிசா. சிற்றன்னையும் அவளுடைய பிள்ளைகளும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, நெருப்பு வாங்கி வா என்று அவளைப் பாபா யாகாவிடம் அனுப்புகிறார்கள். சூனியக்காரி கொடுத்த மண்டையோட்டு விளக்கோடு அவள் திரும்பி வருகிறாள். அந்தக் கண்களின் நெருப்பு சிற்றன்னை வீட்டாரைச் சாம்பலாக்கிவிடுகிறது. எழுத்து ஒண்டும் தெரியாத நாலு சின்னப் பிள்ளையளுக்குக் கதையைக் கொண்டுவந்து சேர்க்கிற அளவுக்கு அந்தப் படத்தை வரைஞ்ச மனிசன் யார்?

பெயர் இவான் பிலிபின். அவரைத் தேடிப் போனதில எனக்குக் கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

பிலிபின் 1876இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அருகில் பிறந்தவர். தகப்பன் கடற்படை வைத்தியர். மகன் பல்கலைக்கழகத்தில் படித்தது சட்டம். (எங்கட வீடுகளில மட்டும்தான் எண்டு நினைக்காதேங்கோ.) சட்டம் படித்துக்கொண்டே ஓவியமும் பழகினார். 1898இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கொஞ்ச நாள் பயிற்சி. திரும்பி வந்து புகழ்பெற்ற ஓவியர் இல்யா ரேபினிடம் மாணவன். அந்தக் காலத்தில்தான் விக்டர் வஸ்னெத்சோவ் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தைக் கண்காட்சியில் பார்த்தார். பழைய ரஷ்யக் கதைப் பாடல்களில் வரும் மூன்று மாவீரர்கள் குதிரையில் நின்று தூரத்தைப் பார்க்கும் ஓவியம். அது அவரை உலுக்கிப்போட்டது.

1899 கோடையில் த்வேர் மாகாணத்தில் யெக்னி என்ற கிராமத்தில் போய்த் தங்கினார். காடு, மரவீடுகள், ஜன்னல்களில் செதுக்கல் வேலை. சின்ன வயதில் கேட்ட கதைகளின் உலகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. அங்கேதான் தன் முதல் கதைப் படங்களை வரையத் தொடங்கினார். வசிலிசாவின் மண்டையோட்டு விளக்குப் படத்தின் ஆண்டு 1899. பாபா யாகா உரலில் பறக்கும் படம் 1900. அவருக்கு அப்போது இருபத்தி நாலு வயதுகூட முழுசா ஆகவில்லை, அல்லது இப்பதான் ஆனது. எங்கட வாசகர்களில கனபேரின்ர வயசு.

இந்தப் படங்களை அச்சடிச்சது வழக்கமான பதிப்பகம் இல்லை. அரச பத்திரங்கள் தயாரிக்கும் நிறுவனம். அதாவது ரஷ்யப் பேரரசின் காசுத் தாள்களை அச்சடித்த இடம். நாட்டிலேயே மிகத் திறமான அச்சு இயந்திரங்களும் அச்சுக்காரரும் அங்கேதான் இருந்தார்கள். 1901 தொடக்கம் 1903 வரை பிலிபினின் படங்களோடு ஆறு கதைப் புத்தகங்கள் அங்கிருந்து வெளிவந்தன. கதைகளில் பெரும்பாலானவை அலெக்சாண்டர் அஃபனாசியெவ் 1855–1863 காலத்தில் தொகுத்து வெளியிட்ட நாட்டார் கதைகள்.

பிலிபின் வேலை செய்த முறையும் அந்த அச்சுக்குப் பொருத்தமாக இருந்தது. முதலில் பென்சிலில் முழுப் படத்தையும் வரைவார். பிறகு அதைத் தடித்த தாளுக்கு மாற்றுவார். அதற்குமேல் மெல்லிய தூரிகையால் கறுப்பு மையில் எல்லைக் கோடு. கடைசியாகத்தான் நீர்வர்ணம், அதுவும் கோட்டுக்குள் சமமாக, நிழல் கிழல் இல்லாமல். கோடு நடுங்கவே நடுங்காது. அதனால கூட்டாளிமார் அவருக்கு 'இரும்புக் கை இவான்' எண்டு பட்டம் வைச்சிருந்தவை. படத்தைச் சுற்றி, சேலைக்குக் கரை பிடிச்ச மாதிரி, அலங்கார வேலைப்பாடு. முக்கால்வாசிப் பேர் அந்தக் கரையைப் பார்க்காமல் நேரே படத்துக்குள்ள போய்விடுவார்கள். நாங்களும் அப்பிடித்தான். ஆனால் பிலிபினின் மிச்சக் கதையே அந்தக் கரைக்குள்ளதான் இருக்குது.

1902 தொடக்கம் 1904 வரை அவர் ரஷ்யாவின் வட பகுதிகளில் அலைந்தார். வொலொக்டா, அர்கங்கெல்ஸ்க், ஒலோனெட்ஸ் மாகாணங்கள். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த ரஷ்ய அருங்காட்சியகத்தின் இனவரைவியல் பிரிவுதான் அனுப்பியது. வேலை இதுதான்: கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய உடுப்பு, தையல் வேலை, நூல் நூற்கும் பலகை, மரச் செதுக்கல் எல்லாத்தையும் சேகரிக்கவேணும், மரத்தாலான கோவில்களைப் படம் பிடிக்கவேணும். ஒனேகா ஏரியில் கிஷி என்ற தீவில், 1714இல் கட்டிய இருபத்திரண்டு கூம்புகள் கொண்ட மரக்கோவில் ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்தார். திரும்பி வந்து 1904இல் வடக்கின் நாட்டார் கலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பிடித்த புகைப்படங்கள் பிற்காலத்தில் ரஷ்யக் கலை வரலாற்று நூலிலும் இடம்பிடித்தன.

ரயிலும் தொழிற்சாலைத் துணியும் கிராமத்துக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. பாட்டிமார் பெட்டிக்குள் வைத்திருந்த தையல் சேலைகளை பேத்திமார் உடுக்கவில்லை. பழைய மரக்கோவில்களின் சுவர்களுக்கு மேல் புதுப் பலகை அடித்து 'திருத்தி'க் கொண்டிருந்தார்கள். தான் வரைகிற உலகம் தன் கண்ணுக்கு முன்னாலேயே கழன்று போவதைப் பிலிபின் பார்த்தார். அதனாலதான் ஒரு கதாநாயகியின் தலைப்பாகையைக்கூட அவர் கற்பனையில் இருந்து வரையவில்லை. எந்த ஊரில், எந்த மாதிரிப் பெண்கள் அதைக் கட்டினார்கள் எண்டு பார்த்து வரைந்தார். நாங்கள் மாயாஜாலம் எண்டு வாயைப் பிளந்து பார்த்த குடிலின் கூரை நுனியும் ஜன்னல் சட்டமும் ஒரு தச்சுத் தொழிலாளி உண்மையாகச் செதுக்கியவை. கோழிக்கால் மட்டும்தான் கதை.

இதுக்காக அவர் ரஷ்யாவை விட்டு வெளியில பார்க்காத ஆள் எண்டு நினைச்சிட வேண்டாம். 1905இல் வந்த புஷ்கினின் ஜார் சல்த்தான் கதையைப் பாருங்கள். அரசியையும் குழந்தையையும் ஒரு பீப்பாவுக்குள் வைத்து மூடிக் கடலில் விட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தில் எழும்புகிற அலையின் நுரை, நகம் மாதிரி வளைந்து நிற்கும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 அளவில் செய்த பேரலைதான். உங்களில சிலரின்ர ரீசேட்டிலயும் போன் கவரிலயும் இருக்கிற அதே அலை. பிலிபின் அதை எடுத்து ரஷ்ய வானத்துக்குக் கீழ, நட்சத்திரங்களோட வைச்சார்.

ரசிகராக இருந்துகொண்டு கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. பிலிபின் வரைந்த 'பழைய ரஷ்யா' உண்மையானதா? அங்கே எல்லா உடுப்பிலும் பூ வேலை. எல்லா வீட்டிலும் செதுக்கல். பசி இல்லை. ஆனால் அவர் மாணவனாவதற்குக் கொஞ்ச வருசத்துக்கு முன், 1891–92இல், வொல்கா ஆற்றுப் பகுதிக் கிராமங்களில் பெரிய பஞ்சம் வந்து இலட்சக்கணக்கான ஆக்கள் செத்துப்போனார்கள். அந்த முகங்கள் இந்தப் புத்தகங்களில் இல்லை. ஒவ்வொரு துண்டும் உண்மை. ஆனால் துண்டுகளைத் தெரிவு செய்து அடுக்கினது ஒரு கனவு. இப்பிடியான கனவை அரசுகளுக்கு நல்லாப் பிடிக்கும். 'எங்கட பொற்காலம்' எண்டு காட்ட வசதியா இருக்கும்.

பிலிபினுக்கும் இது விளங்காமல் இருக்கவில்லை. 1905 புரட்சியின் சூட்டில் அவர் 'ஷூபெல்' என்ற கிண்டல் சஞ்சிகைக்கு ஒரு படம் வரைந்தார். நடுவில ஒரு கழுதை. சாதாரணக் கழுதை, விலங்கியல் புத்தகத்தில வாற மாதிரி. ஆனால் சுற்றிவர, ஜாரின் உருவப்படங்களுக்குப் போடுகிற அதே அரச முத்திரை அலங்காரச் சட்டம். கரை போடுவதில் மன்னனான ஒருவர், கரையையே ஆயுதமாக்கின இடம் அது. சஞ்சிகை மூடப்பட்டது. பிலிபின் ஒரு நாள் காவலில் இருந்தார். அதுக்குப் பிறகும் அவர் விடவில்லை. சோம்பேறி ஜார் ஒருவனைப் பற்றிய புஷ்கினின் 'பொற்சேவல்' கதைக்குப் படம் வரைந்தார். அதே கதையை இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கொர்சகோவ் ஒப்பெராவாக்கினார். தணிக்கை இழுத்தடித்ததால் அவர் அதை மேடையில் காணாமலே 1908இல் இறந்தார். அடுத்த வருசம் மொஸ்கோவில் அது மேடையேறியபோது காட்சி அமைப்பு பிலிபினுடையது.

1917இல் ஜார் போனான். வந்த இடைக்கால அரசுக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. பிலிபின்தான் வரைந்து கொடுத்தார்: பழைய இரட்டைத்தலைக் கழுகு, ஆனால் முடி இல்லை, செங்கோல் இல்லை. கொஞ்ச மாதத்தில அந்த அரசும் போனது. ஆனால் கழுகு சாகவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்ய மத்திய வங்கி அதை எடுத்துத் தன் சின்னமாக்கியது. 2015 வரை ரஷ்ய நாணயக் குற்றிகளிலும் அதே கழுகுதான். காசுத் தாள் அச்சடிக்கிற இடத்தில் தொடங்கியவர், செத்துப் பல காலத்துக்குப் பிறகு காசிலேயே போய் இருந்தார்.

உயிரோட இருந்த பிலிபினுக்கு அவ்வளவு நிலையான இடம் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போர் நேரம், 1920 தொடக்கத்தில், நொவொரொசிஸ்க் துறைமுகத்தில் அகதிகளோடு ஒருவராகக் கப்பல் ஏறினார். இறங்கியது எகிப்தில். முதலில் தெல்-எல்-கெபீர் அகதி முகாம். பிறகு கைரோ. அங்கே ஒரு கிரேக்க வணிகரின் மாளிகைக்குச் சுவரோவியம் வரைந்து பிழைத்தார். பள்ளிவாசல்களையும் அரபு அலங்கார வேலைகளையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். புது இடத்துக்குப் போனாலும் கை அதே வேலையைத்தான் செய்தது. 1925இல் பாரிஸ். பிரெஞ்சுக் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள், நாடக அரங்கு வேலைகள். பாரிஸில் இருந்த சோவியத் தூதரகத்துக்கும் ஒரு சுவரோவியம் செய்து கொடுத்தார். பதினாறு வருசத்துக்குப் பிறகு, 1936இல், நாடு திரும்பினார். அவர் விட்டுப்போன சென் பீற்றர்ஸ்பேர்க்கின் பெயர் அப்போது லெனின்கிராட். கலைக் கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது.

1941 செப்டெம்பர் 8இல் ஜெர்மன் படைகள் லெனின்கிராட்டைச் சுற்றி வளைத்து முடித்தன. முற்றுகை 872 நாள் நீடித்தது. அந்த முதல் மாரியில், நவம்பர் 20 தொடக்கம் டிசெம்பர் 25 வரை, தொழிலாளர் அல்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் பாண். கணக்குப் பார்த்தால் எங்கட ஒரு இறாத்தல் பாணில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. அதிலயும் மா பாதிதான். மிச்சம் பிண்ணாக்கும் மரக்கூழும். பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த அம்மா அப்பாமாரின் பிள்ளைகளுக்கு இதை விரிச்சுச் சொல்லத் தேவையில்லை.

பிலிபின் நகரை விட்டுப் போகவில்லை. வீடு இருக்க முடியாத நிலைக்கு வந்தபோது கலைக் கழகக் கட்டடத்தின் நிலவறைக்குப் போனார். முற்றுகை தொடங்குவதற்கு முன்னிருந்து அவர் கையில் இருந்தது டூக் ஸ்தெபானொவிச் என்ற பழைய வீரனின் கதைப் பாடலுக்கான படங்கள். செல்வத்தில் புரளும் ஒரு வீரனின் கதை. அது முடியவில்லை. 1942 பெப்ரவரி 7இல் பிலிபின் பசியில் இறந்தார். வயது 65. கலைக் கழகப் பேராசிரியர்களைப் புதைத்த ஒரு பொதுக் குழியில் அவரையும் வைத்தார்கள்.

அந்த இடத்தை வாசிச்ச அண்டைக்கு நான் மடிக்கணினியை மூடி வைச்சிட்டேன். எங்களுக்குச் சின்ன வயசில வெளிச்சம் காட்டின ஆள், முற்றுகைக்குள்ள பசியில முடிஞ்சு போனார் எண்டதை அவ்வளவு லேசா விழுங்க ஏலாமல் இருந்தது.

போன வருசம் அம்மம்மா வீட்டுக்குப் போன நேரம் அலுமாரியில அந்தப் புத்தகம் அப்பிடியே இருந்தது. ஓரம் இராமபாணம் அரிச்சிருந்தது. வட்ஸ்அப்பில மாமாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். அவருக்கு ரஷ்ய மொழி கொஞ்சம் மறந்து போச்சு. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சார். கடைசிப் பக்கத்தில சின்ன எழுத்தில இருந்த அச்சக விபரத்தைக் காட்ட, "கொஸ்னாக்" எண்டு வாசிச்சிட்டுச் சிரிச்சார். "பிள்ளை, இது அங்க காசு அடிக்கிற இடம்." ஜார் காலத்து அந்த அச்சகம்தான் சோவியத் காலத்தில கொஸ்னாக் ஆனது. அதே புத்தகங்களைத் திரும்பவும் அதே இடம் அடிச்சிருக்கிறது. இடையில இரண்டு ஆட்சி கவிழ்ந்து, ஒரு உள்நாட்டுப் போர் நடந்து, ஒரு நகரம் பட்டினி கிடந்து, வரைஞ்ச மனிசன் செத்துப்போய். வசிலிசாவின் கையில மண்டையோடு எரிஞ்சுகொண்டே இருக்குது.

வடக்கு ரஷ்யாவின் மரக்கோவில்களில் கனக்க இப்ப இல்லை. கொந்தொபொகா எண்ட ஊரில 1774இல் கட்டின மரக்கோவில் 2018 ஓகஸ்ட் மாதம் எரிஞ்சு சாம்பலாய்ப் போச்சு. கிஷி தப்பி நிக்குது. எரிஞ்சதும் உக்கிப்போனதும் எப்பிடி இருந்தது எண்டு அறியவேணும் எண்டால், நூறு வருசத்துக்கு முன்னம் யாரோ ஒருத்தர் நிண்டு பார்த்து வரைஞ்சிருக்கவேணும், படம் பிடிச்சிருக்கவேணும். பிலிபின் அதைச் செய்தார். அதைச் சின்னப் பிள்ளைகளின் கதைக்குள்ள ஒளிச்சு வைச்சார். அதனாலதான் அது எங்கட அலுமாரி வரைக்கும் வந்தது.

பள்ளிக்கூடத்தில சித்திரப் பாடத்துக்கு மாயக்கதை வரையச் சொன்னால் நான் எப்பவும் பனி மலையும் கூம்புக் கோட்டையும்தான் வரைவேன். பிலிபினைப் பார்த்துப் பழகினது எண்டு நினைச்சுக்கொண்டு. இப்ப யோசிச்சால் நான் அவரிட்ட இருந்து கோட்டையை மட்டும்தான் எடுத்திருக்கிறேன். அவர் கோட்டைக்கு முதல் பார்த்த கதவை எடுக்கவில்லை.

அம்மம்மா வீட்டு முன்கதவு பழைய மரக்கதவு. நிலைக்கு மேல தாமரையும் இரண்டு கிளியும் செதுக்கியிருக்கு. கீழ்ப்பக்கம் கறையான் பிடிச்சிட்டுது. அடுத்த மாதம் கழட்டிப்போட்டு அலுமினியம் போட ஆள் பார்த்தாச்சு. குறை சொல்ல ஏலாது, அம்மம்மாவுக்கு அந்தக் கதவைத் தள்ளித் திறக்கிறதே கஷ்டம். நான் இரண்டு பின்னேரம் வாசலில இருந்து அதைக் கொப்பியில வரைஞ்சேன். என்ர கோடு நடுங்கத்தான் செய்யுது. கிளி ஒண்டு காகம் மாதிரி வந்திட்டுது. செதுக்கின தச்சுத் தொழிலாளியின் பேரை அம்மம்மாவிட்டக் கேட்டு, கீழ எழுதி வைச்சிருக்கிறேன். அடுத்தது அந்தக் கதவுக்குள்ளால உரலில ஏறிப் பறந்து வாற ஒரு கிழவியை வரையவேணும்.